ஈரச் சுவரில் வரைந்த நிழல்

கோதிக் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்த பிறகுதான். கல்லூரியில் சினிமாக் குழு வைத்திருக்கும் பிள்ளைகள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார்கள். "சாலமோன் சாரோட கோதிக் ஸ்டைல் பத்தி எங்க காலேஜ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்கய்யா" என்றார்கள். அது என்ன மருந்து என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒரு பெண் பிள்ளை தன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியது. கூர்முனை வைத்த ஜன்னல்கள், சுருள் சுருளாக ஏறும் படிக்கட்டு, இலையில்லாத மரம், வெளிறிய முகம், ஆளைவிட மூன்று மடங்கு நீண்ட நிழல். பாதிப் படங்கள் வெளிநாட்டு மாதாகோயில்கள். மீதிப் பாதி நான் பெயின்ட் அடித்த சுவர்கள்.

இருபத்தாறு வருஷம் டைரக்டர் சாலமோன் சாரிடம் செட் பெயின்டராக இருந்தேன். பேய்ப் படம் எடுக்கிறவர் என்று பத்திரிகைகள் எழுதும். எங்கள் ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் அவருடைய பாணிக்கு "சாலமோன் இருட்டு" என்று பெயர். "இந்த ரூமுக்கு ரெண்டு வாளி சாலமோன் இருட்டு போதுமாண்ணே" என்று கேட்டுக்கொண்டு வேலை பார்ப்போம். அதற்கு இத்தனை பெரிய பெயர் ஒன்று இருந்திருக்கிறது என்பது தெரிந்தபோது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

எழுதித் தருகிறேன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தேன். எழுத வைத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு போன். நித்யா என்று ஒரு பெண். சாருடைய ஏழாவது படத்தின் பழைய பிலிம் சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலும் தூசியும் நீக்கிப் புதுசாக்குகிறார்களாம். "சார், இந்தப் படத்துல நிறைய நிழல் தப்புத் தப்பா விழுது. லைட் ஒரு பக்கம், நிழல் வேற பக்கம். எதெல்லாம் டைரக்டர் வேணும்னே பண்ணது, எதெல்லாம் ஷூட்டிங்ல நடந்த தப்புன்னு நீங்கதான் சொல்லணும். தப்புன்னா இப்ப சரி பண்ணிடலாம்" என்றார். டைரக்டர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கேமராமேன் அவருக்கு முன்பே போய்விட்டார். அந்தச் சுவர்களின் முன்னால் நின்றவர்களில் விவரம் சொல்ல மிச்சம் இருப்பது நான்தான்.

நித்யா வாட்ஸாப்பில் படங்களை அனுப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சார் கேட்டு நான் வரைந்த நிழல்கள். கடைசிப் படத்தில் கை நின்றுவிட்டது. ஒரு சிறுமி தனியாக இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் நிழல். அந்தப் பெண் அறையில் இல்லை. அந்தப் படத்தில் எல்லோரும் எழுதுவதும் பேசுவதும் அந்த நிழலைப் பற்றித்தான்.

அது தப்பு. என்னுடைய தப்பு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நிழலை அழித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொய்க்குக் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு, அந்த நிழல் தன் அப்பாவைப் பெற்ற தாயுடையது என்று சாருடைய மகள் எஸ்தர் நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் அவருடைய அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார். ஒரு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

என் ஆரம்ப காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரில் தியேட்டருக்கு பேனர் எழுதுகிறவரிடம் இருந்தேன். பத்தொன்பது வயதில் சென்னைக்கு ரயிலேறினேன். நாலு வருஷம் பிரஷ் கழுவினேன். ஐந்தாம் வருஷம் செங்கல் சுவர் வரையக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் செங்கல், பாசி, துரு, மரத்தின் வரி என்று பொய்யை உண்மை மாதிரி வரைந்து சம்பாதித்தேன்.

சாலமோன் சார் என்னைப் பிடித்தது ஒரு ஸ்டூடியோவில், வேறு ஒருவர் படத்தில். செட் ஜன்னலுக்கு வெளியே தெரியும் சுவரில் ஒரு மரத்தின் நிழலை நான் வரைந்து வைத்திருந்தேன். பக்கத்து ஃப்ளோரில் வேலையாக இருந்தவர் அதைப் பார்க்க வந்து நின்றார். ஒல்லியான ஆள். சட்டையைக் கழுத்து வரை பட்டன் போட்டிருந்தார். சுவரின் அருகில் போய் நிழலின் விளிம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எந்த ஊருவே?" என்றார்.

"சங்கரன்கோவில் சார்."

"நான் பாளையங்கோட்டை. மரம் நல்லாருக்கு. ஆனா உம்ம மரத்துக்கு யார் மேலயும் கோவமும் இல்ல, பிரியமும் இல்ல. நாளைக்கு நம்ம ஃப்ளோருக்கு வாரும்."

அவர் வேலை வாங்கும் விதமே அப்படித்தான். திட்டிக் கேட்டதில்லை. நன்றாக இல்லை என்று சொல்லியும் கேட்டதில்லை. பிடிக்காவிட்டால் சுவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்பார். அவர் முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டால் போதும், பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய்ச் சுவரைப் பார்ப்பேன். இரண்டாவது முறுக்குக்கு அவர் கை போவதற்குள் எது தப்பு என்று நானே கண்டுபிடித்துவிட வேண்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

செட் கட்டுவதிலும் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கதவு மேலே போகப் போக மூன்று விரல்கடை குறுக வேண்டும். ஜன்னல் சட்டம் நேராக இருந்தால் ஒரு பக்கம் ஆப்பு வைத்துச் சாய்க்கச் சொல்வார். படிக்கட்டில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறுத்துக்கொண்டே போகும். நடிகர்களுக்கு அதில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கறுப்பு டப்பாவை மட்டும் திறக்கவே கூடாது. "கறுப்பு அடிச்சா சுவத்துல ஓட்ட விழுந்த மாரி இருக்கும். நிழல்னா அதுக்குள்ள சுவரு தெரியணும்வே" என்பார். விளக்குக் கரியை வஜ்ஜிரப் பசையில் குழைத்து, சொட்டு நீலமும் ஒரு சிட்டிகை காவியும் சேர்ப்பேன். காலடியில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். தூரம் போகப் போக ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி விளிம்பைக் கரைத்துவிடுவேன்.

நிழலுக்கு அளவெடுப்பது நூல் பிடித்துத்தான். விளக்கு இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டி, பொருளின் விளிம்பை ஒட்டி இழுத்துக்கொண்டு போய், சுவரைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். இப்படி முப்பது நாற்பது புள்ளி வைத்துச் சேர்த்தால் நிழல் வந்துவிடும். இதில் சாருடைய வேலை எதுவென்றால், விளக்கே இல்லாத இடத்தில் நூலைக் கட்டச் சொல்வது. இரண்டரை அடி உயரத்தில் ஒரு முக்காலி. அதை அவர் காட்டும் இடத்தில் வைத்து, அதன்மேல் ஆணி அடித்து நூலைக் கட்ட வேண்டும். எந்தப் படமானாலும், எந்த அறையானாலும் அந்த உயரம்தான். கீழேயிருந்து வரும் வெளிச்சம் என்பதால் நிழலெல்லாம் சுவரில் ஏறிக் கூரையில் மடங்கும். கேமராமேன் தலையில் அடித்துக்கொள்வார். "வெளக்கு மேல எரியுது, நிழல் கீழருந்து வருது. பாக்கிறவன் என்னைத்தானய்யா திட்டுவான்" என்பார். வரைந்த நிழலின் மேல் நேர் வெளிச்சம் விழுந்தால் பெயின்ட் என்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அந்தச் சுவருக்கு மட்டும் மெல்லிய துணி வழியாக வெளிச்சம் விட வேண்டும். திட்டிக்கொண்டே அதையும் செய்து கொடுப்பார்.

அந்த முக்காலியின் ரகசியம் எனக்கு மூன்றாவது படத்தில்தான் தெரிந்தது. டீ இடைவேளையில் அவராகவே சொன்னார். அவருடைய அப்பா பாளையங்கோட்டையில் சவப்பெட்டி செய்யும் தச்சர். பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானமும் விளக்கு வேண்டும். அப்பா தரையில் உட்கார்ந்து இழைப்பார். பக்கத்தில் முக்காலியில் விளக்கு. சார் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய தாய் இறந்துவிட்டதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடம் போகும் வயது வரை பாதி செய்த பெட்டிக்குள் துணியை விரித்துப் படுக்க வைத்துவிட்டு அப்பா வேலை பார்ப்பாராம்.

"உள்ள படுத்துக்கிட்டுப் பாத்தா எங்கப்பா நிழல் கூர வரைக்கும் போயி வளைஞ்சி என் மேல கவுந்து நிக்கும்வே. எல்லாரும் பயமால்லியான்னு கேக்காவ. அது எங்கப்பா. எனக்கென்ன பயம்?" என்று டீயை உறிஞ்சினார்.

அதற்குப் பிறகு அவருடைய படங்கள் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. அவருடைய பேய்கள் யாரையும் கொல்லாது. வீட்டைக் கூட்டும், பிள்ளைக்குத் தலை வாரும், வழியனுப்ப மனசில்லாமல் வாசலில் நிற்கும்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் உங்களைப் பாதித்த கலைஞர்கள் யார் என்று கேட்பார்கள். சார் ஜெர்மனி ஊமைப் படம், மரத்தில் செதுக்கி அச்செடுத்த ஓவியம் என்று மூச்சு விடாமல் சொல்வார். அதுவும் பொய்யில்லை. மிஷன் பங்களாவில் ஒதுக்கிப் போட்ட படப் புத்தகம் ஒன்று சிறு வயதில் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. கோடு கோடாகக் கிழித்தே இருட்டைக் கொண்டுவரலாம் என்று அதில்தான் கற்றுக்கொண்டாராம். கூர்முனை ஜன்னலெல்லாம் அவர் ஞாயிறுதோறும் போன கோயிலின் ஜன்னல். தோல்பாவைக் கூத்தைத் திரைக்குப் பின்னால் போய் நின்று பார்த்திருக்கிறார். முன்பக்கம் இருந்து பார்த்தால் பொம்மை தெரியும், பின்பக்கம் போனால் விளக்கு தெரியும் என்பார். ஒரு படத்துக்கு வெளிநாட்டு மரம் மாதிரி வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டபோது, சார் என்னைக் குருவிகுளம் பக்கம் அனுப்பி, காய்ந்து முறுக்கிக்கொண்டு நின்ற உடை என்கிற முள்மரங்களை லாரியில் ஏற்றிவரச் சொன்னார். முள் கிழித்த தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. அந்த மரம் ஏதோ ஒரு பனிநாட்டு ஓவியத்திலிருந்து வந்தது என்று ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினார்கள். சார் அதைக் கத்தரித்து, "ஒம்ம ஊரு பனிநாடாயிட்டுவே" என்று எனக்கு அனுப்பி வைத்தார்.

இனி அந்த ஏழாவது படம்.

இறந்துபோனது தெரியாமல் தன் எட்டு வயது மகளோடு வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் கதை. கடைசிக் காட்சியில் தாய்க்கு உண்மை தெரிந்துவிடும். மகளின் கையை விட்டுவிட்டு நடந்து போவாள். அவள் போன பிறகும் அவளுடைய நிழல் மட்டும் சுவரில் கொஞ்ச நேரம் நிற்கும். அடுத்த ஷாட்டில் வெறும் சுவர். பிள்ளை தனியாக நிற்கும். படம் முடிந்தது. அந்த வெறும் சுவருக்காகத்தான் முழுப் படமும் என்று சார் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊரிலிருந்து குருவிகுளம் போகும் பாதையில் ஒரு பருத்தி அரவை ஆலை இருந்தது. உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல். வெளிச்சம் துண்டு துண்டாகச் சரிந்து விழும். சார் பார்த்தவுடன் செட்டே வேண்டாம் என்றுவிட்டார். மெஷின் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருவதாக ஆலை முதலாளி ஒப்புக்கொண்டார். தாயாக நடித்த அம்மாவுக்கு மத்தியானம் மதுரையில் விமானம். ஆக, பதினோரு மணிக்குள் நிழலோடு ஒரு ஷாட். பிறகு நான் சுவரைக் கழுவ வேண்டும். நாலு மணிக்குள் வெறும் சுவரோடு ஒரு ஷாட். அதற்கு மேல் ஜன்னல் வெளிச்சம் நிற்காது.

கழுவுவது பெரிய வேலை இல்லை. காய்ந்த சுண்ணாம்பின் மேல் பசை குறைத்து வரைந்தால் ஈர ஸ்பாஞ்சுக்கு வந்துவிடும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் வரைந்தால் கரி உள்ளே இறங்கி, சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைத்தால் போதும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். பிரஷ் கழுவிய காலத்திலேயே படித்த பாடம் இது.

சனிக்கிழமை அடித்திருக்க வேண்டிய சுண்ணாம்பு, ஆலைச் சாவி கிடைக்கத் தாமதமானதால் ஞாயிறு காலையில்தான் அடிக்கப்பட்டது. என் மாமா மகனும் இரண்டு ஆட்களும் அடித்தார்கள். நான் காத்திருக்க வேண்டும். சாரிடம் போய் இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார். ஆனால் அன்றைக்கு சங்கரன்கோவிலே திரண்டு வந்திருந்தது. என் அத்தை, மச்சினன், பள்ளிக்கூடத்தில் என்னை மக்கு என்று சொன்ன வாத்தியார் வரைக்கும் ஆலை வாசலில் நின்றார்கள். "நம்ம நாயகம் வரையப் போறான், எல்லாரும் இங்கன வாங்க" என்று மாமா மகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். சொந்த ஊர்க்காரர்களுக்கு முன்னால் சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. புறங்கையை வைக்கவில்லை. தெரியும் என்பதால்தான் வைக்கவில்லை. நூலைக் கட்டி, கரியைக் குழைத்து, ஒரே மூச்சில் வரைந்தேன். ஈரச் சுவர் என் பிரஷ்ஷை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு நிழல் நான் வரைந்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

பதினோரு மணி ஷாட் நன்றாக வந்தது. அந்த அம்மா கிளம்பிப் போனார். நான் வாளியோடு வந்து ஸ்பாஞ்சை வைத்தேன். தண்ணீர் தெளிவாகவே வடிந்தது. அழுத்தினேன். போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்தது, உள்ளே அதே கரி. மேலே இன்னொரு கோட் அடித்தேன். ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி, காய்ந்தால்தான் வெளுக்கும். அதன் வழியாக அவள் முன்பைவிடத் தெளிவாக நின்றாள். மணி இரண்டரை. கையெல்லாம் சுண்ணாம்பு அரித்து எரிந்தது. யூனியன் கார்டு போய்விடும், இனி யாரும் கூப்பிட மாட்டார்கள், என் மகளுக்கு ஆறு வயது என்றெல்லாம் மனசு ஓடியது. ஒரு பஞ்சுப் பொதிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

சார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முறுக்கு இல்லை. சுவருக்குப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஈரத்துல வரைஞ்சீரோ?"

"ஆமா சார்."

"தெரிஞ்சேவா?"

"ஊர்க்காரங்க நின்னாங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். எனக்கு ஏச்சு விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நேராகப் போய், மகளாக நடித்த சிறுமி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார். யூனிட் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. பிள்ளைக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. பள்ளிக்கூடப் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்து, சுவரில் நிழல் இருந்த இடத்தில் ஈரத்தையும் பார்க்காமல் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட ஆரம்பித்தது. சார் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து கேமராமேனிடம் போய், "ஓடவிடும்வே. பிள்ளைட்ட ஒண்ணும் சொல்லாதீரும்" என்றார்.

அதுதான் படத்தின் கடைசி ஷாட். தாய் போகவில்லை. பிள்ளை அவள் மேல் சாய்ந்து சாப்பிடுகிறது. பிறகு தியேட்டர்களில், பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஷூட்டிங் நடந்த அன்று மாலையில் தயாரிப்பாளர் வந்து, கதையில் வெறும் சுவர் என்றுதானே இருந்தது என்று கத்தினார். "நான்தான் அழிக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றார் சார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு பேட்டிகளிலும் அதையே சொன்னார். என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தை, வருஷம் போகப் போகச் சரித்திரமாகிவிட்டது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அவர் இறந்த வீட்டில் எஸ்தரைப் பார்த்தபோதும் அதைச் சொல்லாமல் மாலையைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நித்யாவிடம் பதில் சொல்வதற்கு முன்னால் எஸ்தரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனில் சொல்ல மனசு வரவில்லை. "அந்த ஆலையைப் பார்க்க வர்றியாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அடுத்த சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவைப் போலவே ஒல்லி. சங்கரன்கோவிலைத் தாண்டியதும் காரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சினன், வாத்தியார், கைதட்டல் எதையும் விடவில்லை.

எஸ்தர் முன்னால் போன டிராக்டரைத் தாண்டி ஓட்டினார். பிறகு, "அப்பா எங்கிட்ட அது அவங்க அம்மான்னு சொன்னாங்க அங்கிள்" என்றார்.

"அது பொய்யில்லம்மா. வரைஞ்சது நான். அதுல தன் அம்மாவக் கண்டுபிடிச்சது அவுக."

"அப்பாவப் பத்தி எழுதுன புஸ்தகத்துல வேற அப்படியே எழுதிட்டேன்" என்றார். அழுகிறாரா என்று பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் மூடி வைத்ததை இன்னும் கொஞ்ச காலம் மூடி வைத்திருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஆலை இப்போது மக்காச்சோள மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி. மெஷினெல்லாம் எடுத்துவிட்டார்கள். வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு போட்டோ எடுத்து நித்யாவுக்கு அனுப்பலாம் என்பது எஸ்தரின் எண்ணம். நான் எதிர்பார்க்கவில்லை. யாராவது வெள்ளையடித்திருப்பார்கள் என்றேன்.

உள்ளே காலை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, செருப்பக் கழத்திப் போட்டுட்டுப் போங்க."

திரும்பினேன். முறத்தோடு ஒரு பெண். பேச்சியம்மா என்று பெயராம். "உள்ள என்னம்மா இருக்கு?" என்றேன்.

"சுவத்தம்மன் நிக்கா."

சுவரின் மேல்பாதி வெள்ளை. கீழ்ப்பாதியில் அவள் நின்றாள். கொஞ்சம் மங்கியிருந்தாள். கூந்தலும் தோளும் ஒரு கையும் அப்படியே இருந்தன. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம் அப்பியிருந்தது. காலடியில் ஒரு மண்விளக்கு, வாடாத மல்லிகைச் சரம், இரண்டு வாழைப்பழம்.

"மொதலாளி மூணு மட்டம் வெள்ளையடிச்சிப் பாத்தாரு. ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வந்துட்டா. நாலாம் மட்டம் அடிக்க வந்தப்ப நாங்க விடல" என்றாள் பேச்சியம்மா. "ஆடிச் செவ்வாய்க்குப் பொங்க வைக்கோம். பிள்ளைய ஸ்கூலுக்கு விட்டுட்டு வாரவங்க எல்லாரும் இங்க வந்து கும்பிட்டுட்டுத்தான் முறத்தத் தொடுவோம். இவ பிள்ளைகளப் பாத்துக்கிடுவா."

சுண்ணாம்பில் இறங்கிய கரி, ஈரம் பட்டால் மேல் பூச்சைத் தாண்டி ஊறி வெளியே வரும். இது பெயின்டர்களுக்குத் தெரிந்த விஷயம். பேச்சியம்மாவிடம் அதைச் சொல்ல வாய் திறந்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்தார். அவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தார். நான் என்னுடையதைக் கழற்றி அவருடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் தப்பின் முன்னால் வெறுங்காலோடு போய் நின்றேன். பேச்சியம்மா எங்கள் இருவர் நெற்றியிலும் குங்குமம் வைக்க வந்தாள். மாதாகோயிலுக்குப் போகிற எஸ்தர் ஒரு கணம் தயங்கிவிட்டு, நெற்றியை நீட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அப்பாக்கு இது தெரிஞ்சிருந்தா இங்கேயே குடி வந்திருப்பாங்க அங்கிள்" என்றார்.

வெளியே வந்து காரின் முன்பக்கத்தில் நித்யா அனுப்பிய படிவத்தை விரித்தோம். ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு வரி. திட்டமிட்டது என்று ஒரு கட்டம், பிழை என்று ஒரு கட்டம், கடைசியில் குறிப்பு. முதல் நாற்பது நிழல்களுக்கும் திட்டமிட்டது என்று டிக் அடித்தேன். கடைசி வரியில் பேனா நின்றது. எஸ்தரைப் பார்த்தேன்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்க. நிழல் அப்படியே இருக்கட்டும்னு நான் நித்யாட்ட சொல்லிக்கிடுதேன்" என்றார்.

பிழை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். குறிப்பில், "மூன்று முறை வெள்ளையடித்துப் பார்த்தாகிவிட்டது. போகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.